கிணற்றோரப் பாத்தி

என் கணவர் கத்திரிக்காய்க்கு மருந்து அடித்துவிட்டு வந்து வாசலில் குப்புற விழுந்தார். "கண்ணு தெரிய மாட்டேங்குது அம்மணி" என்று சொல்லி வாந்தி எடுத்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேனில் ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார்.

தொண்ணூறுகளில் துடியலூருக்கு வடக்கே எங்களுக்குக் கிணற்றோடு கொஞ்சம் நிலம் இருந்தது. அதற்குப் பூச்சிமருந்து கொடுத்தவன் என் சொந்த அண்ணன். மேட்டுப்பாளையம் ரோட்டில் கடை வைத்திருந்தான். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். "மூக்குக்குத் துணி கட்டாம அடிச்சா இப்படித்தானுங்க மாப்ளே. அடுத்த தடவை சூதானமா அடிங்க" என்றான். அந்த 'அடுத்த தடவை'தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஊருக்குத் திரும்பியதும், மருந்து அடித்த காயை இனி என் அடுப்பில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கிணற்றோரம் ஒரு பாத்தி பிடித்து, சாண எரு போட்டு, கத்திரியும் வெண்டையும் நட்டேன். பூச்சி வந்தால் வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரைத் தெளிப்பேன். வீட்டுக்கு அந்தக் காய்தான். மீதித் தோட்டத்துக்கு ஆள் வைத்து மருந்து அடித்தார் என் கணவர்.

அண்ணன் வரும்போதெல்லாம் அந்தப் பாத்தியைப் பார்த்துச் சிரிப்பான். சிரித்து முடித்ததும், தன் வீட்டுக்கு வேண்டிய காயை அதிலேயே பறித்துப் பையில் போட்டுக்கொள்வான். முதல் முறை கவனிக்கவில்லை. மறுமுறை கவனித்தேன். அதற்கடுத்த முறையும் அவன் பை கிணற்றோரமே போனது.

மறுநாள் பிரிக்காத மருந்து டப்பாக்களைச் சாக்கில் கட்டி டவுன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் மூக்கைச் சுளித்தார். அண்ணன் கடையில் ஆட்கள் நின்றார்கள். சாக்கைக் கல்லாவுக்கு முன்னால் வைத்தேன்.

"ஏன் அம்மணி, என்னாச்சு?"

"இது எங்களுக்கு வேண்டாமுங்கண்ணா. எடுத்து வெச்சுக்கோங்க."

"கிறுக்கு புடிச்சுப்போச்சா உனக்கு? மருந்தில்லாம ஒரு காய் தேறாது."

"தேறாதுன்னா, உங்க ஊட்டுக்கு மட்டும் ஏனுங்கண்ணா கெணத்தோரத்துச் செடியில பறிச்சுட்டுப் போறீங்க?"

மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "ஆளுங்க முன்னால மானத்த வாங்கிப்போட்டியே" என்றான். நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

அவன் சொன்னதில் பாதி உண்மைதான். என் கணவரும் சரியென்று சொல்ல, தோட்டம் முழுக்க மருந்தை நிறுத்தினோம். அந்தப் போகத்தில் காய்கள் சிறுத்து, துளை விழுந்து வந்தன. மண்டியில் வியாபாரி கூடையைத் தொடாமலே "இந்தச் சொத்தைய யாருங்க வாங்குவா?" என்று திருப்பி அனுப்பினார். வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. துடியலூரில் தெருத் தெருவாகக் கூடையைச் சுமந்தேன். ஒரு வீட்டம்மா ஒரு காயைப் பிளந்து, "உள்ள புழு நெளியுதுங்களே" என்றார்.

"நெளியட்டுமுங்க. புழு தின்னாலும் சாகாத காயத்தான் உங்களுக்குக் கொண்டாந்திருக்கறேன்."

அவர் உள்ளே போய் முறத்தை எடுத்து வந்தார். அதே தெருவில் இன்னும் சிலர் வாங்கினார்கள். கதவைச் சாத்தியவர்களும் உண்டு.

அடுத்த போகத்தில் காய்ப்புழு அதிகமாகவே வந்தது. என் கணவரே ஆட்டம் கண்டுவிட்டார். "ஒரே ஒருக்கா அடிச்சுப்போடலாமா?" என்றார்.

"அடிங்க. அன்னைக்கிருந்து சோறு நீங்களே ஆக்கிக்கோங்க."

அவர் சிரித்துவிட்டு, வேப்பங்கொட்டை இடிக்க உரலைத் தேடிப் போனார்.

இந்தச் சாப்பாட்டால் நோயெல்லாம் ஓடிவிட்டது என்று கதை விட மாட்டேன். அவருக்குப் பிறகு சர்க்கரை வந்தது, எனக்கு மூட்டுவலி வந்தது. ஆனால் மருந்தடித்த நாட்களில் அவரைப் படுக்கப்போட்ட தலைவலியும், கையில் டம்ளர் ஆடுகிற நடுக்கமும் போயின. எனக்கு அது போதும். அண்ணன் வெகுகாலம் என்னோடு பேசவில்லை. நானும் சமாதானம் பேசப் போகவில்லை. மருந்தடிக்கிற டேங்கை ஒருநாள் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். யாரையும் கேட்கவில்லை.