என் பேரில் விழுந்த விக்கெட்டுகள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை. நம் நாட்டுப் பெண்கள் அணியில் ஒருத்தி சுழற்பந்து வீசி உலக சாதனை செய்திருக்கிறாள் என்று பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். ஆண்கள் ஒரு கேட்சை விட்டால்கூடப் பாதிப் பக்கத்துக்கு ஒப்பாரி வைப்பார்கள். இவளுக்குக் கட்டைவிரல் அகலம்தான் இடம். அந்தச் செய்தியைக் கத்தரித்துக்கொண்டு ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். ஒருத்தியிடம் அதைக் காட்டியே ஆக வேண்டும்.

அவள் என் கல்லூரித் தோழி. எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒன்றாகப் படித்தோம். என் அப்பா நூல் மில்லில் ஷிப்டு பார்த்தவர். அவள் வீட்டில் ஆண்டாள் கோயிலுக்கு மாலை கட்டும் கைங்கரியம். துளசியும் செவ்வந்தியும் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் காலையில் பஸ் பிடிப்பாள். நாரை முறுக்கிப் பழகிய விரல்கள் அவளுக்கு. அந்த விரல்கள் விட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று மட்டை பிடித்தவளுக்குப் புரிவதற்குள் ஸ்டம்ப் சாய்ந்திருக்கும்.

மகள் விளையாடுவதில் அவள் அப்பாவுக்கு ஆட்சேபமே கிடையாது. கோகோவில் அவள் பரிசு வாங்கியபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கிரிக்கெட் பந்துதான் ஆகாது. அது மாட்டுத்தோல். ஆண்டாளுக்குப் பூத் தொடுக்கிற கை தோலைத் தொடலாமா? "கோயில் மேளத்துல பின்ன என்னத்தைக் கட்டியிருக்காவ, வாழை எலையையா?" என்று நான் கேட்டேன். அவரிடமில்லை, அவளிடம்தான். அவரிடம் கேட்க எனக்கு ஏது தைரியம்.

நாங்கள் ஜெயித்தால் பேப்பரில் பேரோடு வரும். அவரோ ஒரு வரி விடாமல் படிக்கிற மனுஷர். அதனால் அவள் பேருக்குப் பதில் என் பேரைக் கொடுத்தோம். அணியில் நான் தண்ணீர் வாளி தூக்குகிறவள். என் பேர் சும்மாதானே கிடந்தது. விளையாட்டு டீச்சரும் சரியென்றுவிட்டார். அவள் விக்கெட் எடுக்க எடுக்க என் பேர் பேப்பரில் வந்தது. மில் வாசலில் என் அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பாவிகள், சிரித்தோமே.

அப்புறம் மெட்ராஸிலிருந்து அழைப்பு வந்தது. மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்களாம். அதில் தேறிவிட்டால் நாட்டு அணியும் கண்ணுக்கெட்டின தூரம்தான். ஆனால் அவர்கள் அழைத்தது என்னை.

என் பேரிலேயே அவளை அனுப்ப வழியில்லை, போட்டோ ஒட்டிய சான்றிதழ் கேட்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் வாங்கின கோப்பை போகும், டீச்சர் வேலைக்கும் ஆபத்து. ஆனாலும் டீச்சர் தயங்கவில்லை. மெட்ராஸுக்குத் தானே கூட வந்து நடந்ததைச் சொல்வதாகவும், அவள் தன் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் போதும் என்றும் சொன்னார். அந்த மனுஷி மகராசி.

மறுநாள் அவள் வந்தபோது கையைப் பார்த்தேன். எப்போதும் ஈர நாரில் ஊறி வெளுத்திருக்கும் விரல் நுனிகள் அன்று காய்ந்திருந்தன. அப்பா திட்டவில்லையாம், அடிக்கவும் இல்லையாம். அவள் முன்னாலிருந்த பூக்கூடையை எடுத்துத் தங்கச்சி முன்னால் வைத்தாராம். அவ்வளவுதான்.

"ஏட்டி, பூவை ஒந் தங்கச்சி கட்டட்டும். நீ மெட்ராஸுக்குப் போ" என்றேன்.

"பந்து வேணும்னுதான் இருக்கு" என்றாள். "பூவைத் தொடாமலும் இருக்க முடியலையே, நான் என்ன செய்ய?"

அந்த வாரமே தோல் தொட்ட தீட்டுப் போகத் திருமுக்குளத்தில் முங்கி எழுந்து, இனிப் பந்தைத் தொடமாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னாள். கூடை அவளிடம் திரும்பி வந்தது. எனக்குக் காய்ச்சல் என்று டீச்சர் மெட்ராஸுக்குச் சொல்லிவிட்டார்.

பிறகு உள்ளூரிலேயே அவளுக்குக் கல்யாணம் ஆனது. நான் பேப்பர் துண்டோடு போனபோது பூக்கூடையோடுதான் உட்கார்ந்திருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். "ஏட்டி, சுழற்பந்தா?" என்றாள். பிறகு திரும்பவும் படித்தாள். அந்தச் சாதனைக்காரி இருக்கிற இடத்தில் இவள் இருந்திருக்கலாம்.

அதற்குள் அவள் மகள் ஒரு ரப்பர் பந்தோடு ஓடி வந்தாள். "சித்தி, காலேஜ்ல நீங்கதான் பெரிய பௌலராமே. பேப்பர்ல ஒங்க பேரு வந்ததை அம்மா எடுத்து வச்சிருக்கா. எப்படிச் சுத்துவீங்க, காட்டுங்க."

பந்தை எப்படிப் பிடிப்பதென்றே எனக்குத் தெரியாது. அவள் அம்மாவிடம் நீட்டினேன். "ரப்பர்தானட்டி, நீ காட்டேன்."

அவள் பந்தையே பார்த்தாள். கை நீளவில்லை. மடியில் கிடந்த நாரை மட்டும் அந்த விரல்கள் முறுக்கிக்கொண்டே இருந்தன.

"சித்திக்குத் தோள்ல வலிம்மா. தொந்தரவு பண்ணாத" என்றாள் மகளிடம்.

என்னால் அடக்க முடியவில்லை, அங்கேயே அழுதுவிட்டேன். அந்தப் பிள்ளை பயந்துபோய்ப் பக்கத்தில் வந்து என் தோளைத் தடவிக் கொடுத்தது.

"ரொம்ப வலிக்கா சித்தி?"

ஆமாம் என்றேன்.