ஆடிக்கு முன்னால் காலி செய்த வீடு

இருளப்பசாமி மாமா போலீஸில் ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையத்தில் எங்கள் உறவின்முறைச் சங்கம் நடத்தும் ஆஸ்பத்திரிக்கு அடுத்த வீடு அவருடையது. நான் அந்த ஆஸ்பத்திரிக் கமிட்டியின் செயலாளர். அவருக்கு நடந்ததில் என் பங்கு பெரிது. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதுவது யோக்கியமான காரியம் இல்லை.

சட்டம் என்றால் அவருக்குச் சட்டம்தான். ஒரே பைக்கில் மூன்று பேர் வந்தால் நிறுத்தி, "ஏலே, ஒருத்தன் எறங்கி நடந்து வா" என்பார். அடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சிக்னலே இல்லாத ரோட்டிலும் நின்று பார்த்துவிட்டுப் போகிற மனுஷன் என்று அவர் மனைவி பெத்தம்மாள் அத்தையே கேலி செய்வார்.

அத்தைக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏற வேண்டும். பக்கத்து ஊர்தானே என்று உடம்பு நன்றாக இருப்பவர்கள் சொல்லலாம். நான்கு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு, உட்கார இடம் இல்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே அவர் வந்த நாட்கள் உண்டு.

ஆஸ்பத்திரியைப் பெரிதாக்கத் திட்டம் போட்டோம். தரைத்தளத்தில் டயாலிசிஸ் பிரிவும் ஒரு பிணவறையும். சுற்றிலும் வீடுகள் நெருக்கியடித்த தெரு. நீட்டிக் கட்ட வேண்டுமென்றால் மாமாவின் வீடுதான் வேண்டும். கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் இழுத்து இழுத்துச் சொல்லி முடித்ததும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மெஷின் எப்ப வரும் மாப்ள?"

"ஒரு வருசத்துல வந்திரும் மாமா."

"அம்புட்டு நாள் அவ தாங்குவா. எடுத்துக்கோங்க."

அப்போது ஆனி பாதி கழிந்திருந்தது. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் ஒருவரும் வீடு மாற மாட்டார்கள். ஆவணி வரை காத்திருக்க வேண்டும். நாள் வீணாகிறதே என்று நான்தான் பறந்தேன். ஆனியின் கடைசி முகூர்த்தத்தில், இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டில் மாமா பால் காய்ச்சினார். மறுநாளே ஜேசிபியை விட்டு அவர் வீட்டை இடித்தோம். தெருக்காரர்களிடம் வரைபடத்தைக் காட்ட வேண்டும் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. எல்லாம் சொந்தக்காரர்கள்தானே என்ற மிதப்பு.

ஆடியில் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி தூக்கி வந்த பெண்கள், காலி இடத்தில் நாங்கள் வைத்திருந்த போர்டைப் பார்த்தார்கள். படத்தில் பிணவறையின் வாசல் முளைப்பாரி போகும் பாதையில் இருந்தது. எதிர்வீட்டுச் சுடலைமாடத்தி அக்கா நேராக என்னிடம் வந்தாள்.

"ஏன் தம்பி, ஆத்தா வார பாதையிலயா பொணத்த எறக்கப் போறீய?"

வாசலை வேறு பக்கம் மாற்றிவிடுகிறோம் என்று சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். நான் வறட்டுப் பிடிவாதத்தில், "பிளான் அப்ரூவல் ஆயிருச்சுக்கா" என்றேன். தெருவே கையெழுத்துப் போட்டு கோர்ட்டுக்குப் போனது. தீர்ப்பு வரும்வரை எந்தத் தரப்பும் அந்த இடத்துக்குள் நுழையக் கூடாது என்று தடை உத்தரவு வந்தது. கேட்டைப் பூட்டினோம்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. மாமாவும் அத்தையும் அதே பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு நாளும் அவர் என்னைக் கடிந்து பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

போன மாசியில் ஒரு மத்தியானம், திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை அவர் தோளில் சாய்ந்து தூங்கினார். ராஜபாளையம் வந்ததும் மாமா எழுப்பினார். அத்தை எழுந்திருக்கவில்லை.

ராணுவத்தில் இருக்கும் மகன் விஜயபாண்டி வந்து சேர மறுநாள் ஆகும். அதுவரை உடலைக் கிடத்த இடம் வேண்டும்; எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பிணவறை இன்னும் வரவில்லையே. வாடகை வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். "தப்பா நெனைக்காதீய. வெளிய உசிர் போன ஒடம்ப வீட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாதும்பாக." ஊர் வழக்கம் அதுதான். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய?

எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டின் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். போக்கிடம் இல்லாமல் ஆம்புலன்ஸ் எனக்கு முன்பே அங்கு வந்து நின்றிருந்தது. வழக்குப் போட்டவர்களில் முதல் ஆளான சுடலைமாடத்தி அக்காவும் அங்கே அழுதுகொண்டு நின்றாள்.

"தொற தம்பி. அவ மண்ணுல அவ கெடக்கட்டும். நாங்க ஒருத்தரும் கேக்க மாட்டோம்."

பூட்டில் சாவியை நுழைத்தேன். மாமா ஆம்புலன்ஸிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் மாப்ள. கோர்ட் உத்தரவ மீறுனா கேசு கெட்டுப் போகும். இவ போய்ட்டா. இவ கூட மெஷின்ல கெடந்தவக நம்ம ஊர்லயே இன்னும் நாலு பேரு பஸ்ஸுல போய்ட்டு வாராக. அவுகளுக்காவது இங்க வரட்டும்."

அத்தையைத் தெருவில், காம்பவுண்டுச் சுவர் ஓரமாக, பெஞ்சு போட்டுக் கிடத்தினோம். அவர் முப்பது வருஷம் குடித்தனம் செய்த இடம் சுவருக்கு அந்தப் பக்கம் சும்மா கிடந்தது. நான் மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"எந்திரி மாப்ள," என்றார். "அவ மேல வெயில் அடிக்கி. பந்தலுக்குச் சொல்லு."