ஒயர் ஓட்டையில் வந்த சூரியன்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் காலை நேரத்தில் சூரிய கிரகணம் வந்தது. அப்போது நான் ஆறு மாதக் கர்ப்பிணி. சூலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சரும் கூட. இது ரெண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வந்தால் என்ன கதி என்று யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

வகுப்பில் ஒரு வாரமாக இதையேதான் கத்திக்கொண்டிருந்தேன். சூரியன் நிலாவை விட நானூறு மடங்கு பெரிசு. தூரமும் நானூறு மடங்கு. அதனால்தான் நம் கண்ணுக்கு ரெண்டும் ஒரே அளவு. இத்தனை பெரிய வானத்தில் இந்தப் பொருத்தம் எப்படி அமைந்தது, இதைப் பார்க்க நம்மை விட்டால் வேறெங்காவது கண் இருக்கிறதா என்பதெல்லாம் இன்னும் யாருக்கும் விடை தெரியாத கேள்விகள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஜோசியர் உட்கார்ந்து பார்த்தே பாதிப் பொருத்தம்தான் தேறியது. அந்த அதிசயத்தை என் கண்ணால் பார்த்தே தீருவது என்று இருந்தேன்.

"பாக்கறதா? நல்லாச் சொன்னே போ" என்றார் மாமியார். "வாயும் வயிறுமா இருக்கறவ கிரகணத்தைப் பாத்தா கொழந்தைக்கு ஒதடு பொளந்துபோடும் அம்மணி."

"அது நிழலுங்க அத்தை. வெறும் நிழல்."

"என்னமோ இருக்கட்டும். நீ உள்ள போ."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். விசைத்தறிப் பட்டறையில் அத்தனை பேரையும் அதட்டுகிற மனுசன், "அம்மா சொன்னாக் கேட்டுக்க கண்ணு" என்று காலண்டரைப் பார்த்துச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காலண்டரையே கிழித்திருப்பேன்.

என்னைப் படுக்கையறைக்குள் விட்டு, கிழக்கு ஜன்னலின் மரக்கதவைச் சாத்திக் கொக்கி போட்டார் அத்தை. நிலைப்படி இடுக்கில் பழைய சீலையைத் திணித்தார். அப்புறம்தான் அவருக்கு டிவி ஞாபகம் வந்தது. கிரகணத்தை டிவியிலும் காட்டுகிறார்களாம். அந்த ஜன்னல் கதவில் ஓட்டை போட்டுத்தான் கேபிள் ஒயர் எங்கள் அறை வழியாகக் கூடத்துக்குப் போனது. "இதுக்குள்ளயும் வந்துருமாட்ட இருக்குது" என்று டிவியிலிருந்து ஒயரைப் பிடுங்கி, வாசல் பக்கம் போய் ஒரே இழுப்பாக உருவிப் போட்டார். திரும்பி வந்து என் அறைக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டார்.

இருட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அழுகையாக வந்தது. இந்தக் கொடுமையில் முதுகு வேறு அரித்தது. கிரகண நேரத்தில் சொறிந்தால் குழந்தைக்குத் தழும்பு விழும் என்பதும் அத்தையின் சட்டம்தான். வகுப்பில் அத்தனை பேசின நான் சொறியவில்லைங்க! பயமாகத்தான் இருந்தது. வயிற்றில் இருந்தது பாடப்புத்தகம் இல்லையே.

அப்போதுதான் எதிர்ச்சுவரைப் பார்த்தேன். ஒயர் போன ஓட்டை வழியாக வெயில் வந்து சுவரில் வட்டமாக விழுந்திருந்தது. வட்டத்தில் ஒரு பக்கத்தைக் காணோம். எலி கடித்த தட்டுவடை மாதிரி இருந்தது. அட, சூரியனேதான்! இருட்டறை, சின்ன ஓட்டை, வெள்ளைச் சுவர். பள்ளிக்கூடத்தில் அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு நான் மல்லுக்கட்டியும் சரியாக விழாத படம், அத்தை கைபட்டதும் ஜம்மென்று விழுந்திருந்தது. "ஐயோ!" என்று கத்திவிட்டேன்.

அத்தை பதறிக்கொண்டு ஓடி வந்தார். "என்ன கண்ணு, வலிக்குதா?"

சுவரைக் காட்டினேன். சட்டென்று வந்து அந்த வெளிச்சத்துக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் நின்றுகொண்டார். திறந்த கதவால் படம் மங்குகிறது என்று தெரிந்ததும், அவரே போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து அதே இடத்தில் நின்றார்.

"நிலா செய்யறதும் இதேதானுங்க அத்தை. நடுவுல வந்து நின்னுக்குது."

"செத்த பேசாம இரு" என்றவர் மெதுவாகக் கையை நீட்டினார். கடிபட்ட சூரியன் அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

திடீரென்று அதுவும் அணைந்தது. டிவி இல்லாமல் இருப்புக் கொள்ளாத என் வீட்டுக்காரர், அம்மா உள்ளே போன சமயம் பார்த்து, வெளியில் நின்று ஒயரை ஓட்டைக்குள் செருகிக்கொண்டிருந்தார்.

"எவன்டா அவன்! எடுடா ஒயரை!"

"டிவியில காட்டறாங்கம்மா..."

"உன்ற டிவியில கொள்ளி வெக்க! நீ வயித்துல இருக்கறப்பவும் கிரகணம் வந்துச்சு. என்னையும் இப்படித்தான் இருட்டுல அடைச்சுபோட்டாங்க. சொவத்தையே பாத்துட்டுக் கெடந்தேன், ஒண்ணுமே தெரியல. இப்பவாச்சும் பாக்க உடுடா!"

ஒயர் வெளியே போனது. சூரியன் திரும்பி வந்தது. அத்தை ஓர் எட்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"கையை மட்டும் நீட்டு" என்றார். "வயித்தை நீட்டாதே."