குப்பை என்று அழிக்கப்பட்ட குரல்

பழவேற்காடு ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள் நான். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்போம். போன் கரையில் கிடக்கும், வந்தாலும் பேச முடியாது. அதற்காகவே என் வீட்டுக்காரர் குரலைப் பதிவு செய்து அனுப்பிவிடுவார். "சோறு வடிச்சிட்டேன், கரையேறி வா" என்று இருக்கும். கரையில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்த போனை எடுத்ததும் முதலில் அதைத்தான் கேட்பேன்.

போன வருஷம் காய்ச்சலில் அவர் போய்விட்டார். அந்தக் குரல்கள் மட்டும் போனில் இருந்தன.

ஒருநாள் வியாபாரிக்கு அனுப்ப இறாலைப் படம் எடுக்கப் போனால், இடமில்லை என்றது போன். விளம்பரத்தில் வந்த கிளீனர் செயலியை இறக்கி, பச்சைப் பட்டனை அமுக்கினேன். குப்பையெல்லாம் போய்விட்டது என்று காட்டியது. மறுநாள் அவர் குரலை அமுக்கினால் ஒன்றுமே வரவில்லை. எது குப்பை என்று அந்தச் செயலிக்கு யார் சொன்னது?

"நைனா பேசினதெல்லாம் இன்னா ஆச்சும்மா?" என்று மகள் அழுதாள். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

பிறகு அவள்தான் எஃப்-டிராய்டு என்ற செயலித் தளத்திலிருந்து, போனில் இருப்பதையெல்லாம் பிரித்துக் காட்டும் ஒரு இலவச ஃபைல் மேனேஜர் போட்டுத் தந்தாள். விளம்பரம் கிடையாது. அது உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அழிக்கிறேன். வேண்டியதை மெமரி கார்டிலும் ஏற்றிவைக்கிறேன்.

போன் நிரம்பிவிட்டது என்று வரும் பெண்களுக்கும் அதையே போட்டுத் தருகிறேன். தொடுவதற்கு முன் ஒன்று மட்டும் கேட்பேன்: "இதுல யாரோட குரலாவது இருக்குதாடி?"