கொசு விரட்டிய தூண்டில்

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில்தான் எழுதக் கற்றேன். தாளில் மெதுவாக எழுதித் தருகிறேன், பேத்தி படம் எடுத்து நம் தெருக்காரர்கள் குழுவில் போடுகிறாள்.

மருமகன் அனுப்பிய புதுத் தூண்டிலோடு இன்று காலை பஸ் ஏறி, யாங்கோனுக்கு வடக்கே ஒரு காட்டு ஓடைக்குப் போனேன். இதற்குப் புழு வேண்டாம். முனையில் இறகால் செய்த பொய்ப்பூச்சி இருக்கும். தலைக்கு மேலே வீசி வீசித் தண்ணீரில் விட வேண்டும்.

பொய்ப்பூச்சி ஒன்றுதான். என்னைக் கடித்த நிஜப்பூச்சிகளுக்குக் கணக்கில்லை.

வீட்டில் மனைவி மீன் குழம்புக்கு மசாலா அரைத்துக் காத்திருந்தாள்.

நான் வீசத் தொடங்கியதும் டாவ் கின் என்ற பர்மிய அம்மாள் குடும்பத்தோடு வந்தார். கோடையில் வற்றும் குட்டைகளில் தவிக்கும் மீன்களை எடுத்துவந்து ஓடையில் விடுவது இங்கே பெரிய புண்ணியம். அவர் பானை நிறைய விரால்.

"என்ன ஊலே, குச்சியைச் சுத்துறீங்க?" என்றார். பர்மியத்தில் ஊலே என்றால் மாமா.

மீன் பிடிக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

"கொசு விரட்டுறேம்மா."

"நல்லதாப் போச்சு. நாங்க கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் எங்க தலைக்கு மேலயும் விரட்டுங்க."

விரட்டினேன். அவர்கள் விட்ட கொழுத்த விரால்கள் தண்ணீரில் நின்ற என் காலை உரசிக்கொண்டு போயின. கடைசி பஸ் வரும்வரை அந்த அம்மாள் நகரவில்லை.

"மீன் எங்க?" என்றாள் மனைவி.

"ஓடையில விட்டாச்சு. புண்ணியம் கொண்டாந்திருக்கேன்."

"அப்ப அதையே நறுக்கிக் குடுங்க, குழம்பு வைக்கிறேன்."

அடுத்த வாரமும் குச்சியோடு வரச் சொல்லியிருக்கிறார் டாவ் கின். போய்வந்து எழுதுகிறேன். அதற்குமுன், இன்று யார் வீட்டில் மீன் மிச்சம் இருக்கிறது?