இறக்கம் பார்த்து நிறுத்திய வண்டி

அடுப்புக்காரர் வேனை எங்கே நிறுத்தினாலும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார். செல்ஃப் மோட்டார் செத்து வருஷம் ஒன்றாகிறது. முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை மனைவி எடுத்தால் வண்டி தானாக உருளும். இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் இருமிக்கொண்டே உயிர் பிடிக்கும். சமதரையில் நின்றுவிட்டால் தள்ள நாலு ஆள் வேண்டும். இந்தக் காலத்தில் பாடை தூக்க நாலு பேர் வருவார்கள், வண்டி தள்ள வருவார்களா?

தொழில் படுத்து, கடைக்கு வாடகை கொடுக்க வழியில்லாமல் புருஷனும் பெண்டாட்டியும் வண்டியில் ஏறியவர்கள். முன்னால் ஸ்பேனர், பர்னர், ரப்பர் குழாய். பின்னால் ஒரு மெத்தை, ஒரு வாளி, இரண்டு தட்டு. தெருத்தெருவாக கேஸ் அடுப்பு ரிப்பேர்.

இந்த லட்சணத்தில் மச்சான் தொல்லை வேறு. மனைவியின் அண்ணன், பாத்திரக்கடை முதலாளி. விடிந்தால் போதும், சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் ஃபோனில் பேசி அனுப்புவான்.

"இன்னிக்கு மூணு விஷயத்துக்கு நன்றி சொல்லுங்க. நன்றி இருந்தா கஷ்டமே தெரியாது."

"ஏசி ரூம்ல இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்" என்று அடுப்புக்காரர் பல்லைத் துலக்கித் துப்புவார்.

மழைக்காலம் வந்தது. மேல்தகடு ஒழுகியது. "அண்ணன் பின்னாடி ரூம் தர்றேங்குறாரு. முதுகை நீட்டிப் படுக்கணுங்க" என்றாள் மனைவி. அடுப்புக்காரர் வண்டியை மச்சான் வீட்டுப் பக்கம் திருப்பினார்.

மச்சான் வீட்டுத் தெரு நல்ல சரிவு. காம்பவுண்டுக்குள் டைல்ஸ் போட்டு, தட்டு மாதிரி சமம். அடுப்புக்காரர் வெளியிலேயே நிறுத்திக் கல்லை முட்டுக் கொடுத்தார்.

"உள்ள கொண்டாங்க மாப்ள. தெருவுல நின்னா என் மானம் போகுது."

"மேட்டுல நின்னாத்தான் மச்சான் அதுக்குத் தூக்கம் வரும்."

உள்ளே விருந்து. மச்சானைப் போலவே தொந்தியும் தத்துவமும் வளர்த்த நாலைந்து பேர். தங்கை வந்ததும் வராததுமாய்ப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். போனாள் என்ன, அனுப்பப்பட்டாள்.

"நடுத்தெருவுல கிடந்தாங்க. நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்று மச்சான் ஃபோனை நீட்டினான். "ஒரு வார்த்தை சொல்லுங்க மாப்ள. எல்லாரும் கேக்கட்டும்."

மனைவியின் முதுகை நினைத்து விழுங்கினார். "நன்றி மச்சான்."

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி. சரியாப் பதியல."

மறுபடியும் சொன்னார். நாய்க்குக்கூட ஒரு தடவை வாலாட்டினால் எலும்பு விழும்.

"இனிமே கடைக்குத் திரும்பி வர்ற அடுப்பெல்லாம் மாப்ள பார்த்துப்பாரு. வீட்டு ஆளுக்கு எதுக்குக் கூலி? அந்த டப்பாவை எடுக்க சாயங்காலம் பழைய இரும்புக்காரன் வர்றான். சொல்லிட்டேன்."

அடுப்புக்காரர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். சமையலறை வாசலில் ஈரக் கையோடு மனைவி நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தாள்.

"எங்கம்மா போற?" என்றான் அண்ணன்.

"கல்லை எடுக்கண்ணே."

அடுப்புக்காரர் கைகூடக் கழுவவில்லை. ஸ்டீயரிங்கில் குழம்பு ஒட்டியது. வண்டி உருண்டது, இருமியது, பிடித்துக்கொண்டது. மனைவி கூடவே ஓடி வந்து ஏறினாள். மடியில் அந்தக் கல்.

"முதுகு?"

"வலிக்கத்தான் செய்யுது. ஓட்டுங்க."

மறுநாள் காலை மச்சானின் நன்றி உபதேசம் வழக்கம்போல் வந்தது. நன்றிகெட்ட சொந்தங்களைப் பற்றி இரண்டு வரி கூடுதல். மனைவி ஃபோனை அணைத்து வைத்தாள்.

"உங்க மூணைச் சொல்லுங்க பாப்போம்."

"தெருவைச் சரிவாப் போட்டான் பாரு, அவனுக்கு ஒண்ணு. இந்தக் கல்லுக்கு ஒண்ணு."

"மூணாவது?"

அடுப்புக்காரர் அவளைப் பார்க்காமல் பர்னரை ஊதினார். "அந்த மெத்தையை இந்தப் பக்கம் தள்ளு. அங்கதான் ஒழுகுது."