ஏழாம் நம்பர் ஏன் எழுந்தான்

தலை கீழே, கால் மேலே. அந்தக் கோலத்தில் சாம்பார் சாதம் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் பதினான்கு நாள் சாப்பிட்டிருக்கிறேன். பெங்களூர்ச் சாம்பாரில் வெல்லம் போடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது போதாதென்று, அந்த இனிப்புச் சாம்பார் வாய்க்குள் போனதும் வயிற்றுக்கு இறங்காமல் மூக்கைத் தேடிக்கொண்டு வரும். ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொள்ள வேண்டும். தலையை மெத்தையிலிருந்து தூக்கக் கூடாது. விண்வெளிக்குப் போகிறவன் உடம்பு அங்கே என்ன பாடுபடும் என்று தரையிலேயே கண்டுபிடிக்க இது ஒரு வழியாம். கட்டிலின் கால்மாட்டை ஆறு டிகிரி உயர்த்தி ஆளைப் படுக்கப் போட்டுவிட்டால், ரத்தம் தலைப்பக்கம் ஏறி, முகம் உப்பி, கால் சூம்பி, மேலே மிதப்பவனுக்கு ஆவதில் பாதி இவனுக்கும் ஆகும். ஊரில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "வேலைக்குப் போறேன்னு போயிட்டு அங்க படுத்துக்கினா இருக்கீங்க மாப்ளே?" என்று என் மாமனார் கேட்டார்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. போன மாதம் விண்வெளிக்குப் போய் வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் பெங்களூர் வந்தார். பத்தாவது படிக்கும் என் மகள் ரேவதியின் பள்ளிக்கு அவர் பேச்சைக் கேட்க அனுமதிச் சீட்டு கிடைத்தது. பெற்றோரில் ஒருவர் கூட வரலாம் என்றார்கள். விண்வெளி தனக்குக் கற்றுக்கொடுத்த வாழ்க்கைப் பாடங்களைப் பற்றி அவர் பேசப்போகிறாராம். நான்தான் முந்திக்கொண்டு கிளம்பினேன். அவர் பாடத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் என் பாடம்.

நான் செய்யாற்றுக்காரன். பெயர் ஏகாம்பரம். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு, பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத்தில் நிற்க வந்தவன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒக்கலிபுரத்தில் நாலு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்திருந்தோம். தொண்ணூற்றொன்றில் காவிரிக்காக இந்த நகரம் பற்றியெரிந்தபோது, அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தமிழில் இருமக்கூடப் பயந்துகொண்டு கிடந்தோம். மற்ற மூன்று பேரும் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். நான் போகவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கன்னடம் படிக்க ஆரம்பித்தேன். இங்கே இருக்க வேண்டுமென்றால் கன்னடம் கற்றுக்கொள் என்று எல்லாரும் சொன்னார்கள். நியாயம்தான், அதில் எனக்குச் சண்டையே இல்லை. முதல் பக்கத்தில் எனக்கு அதிகம் காதில் விழுந்த சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதினேன். எல்லாம் ஏவல். பா என்றால் வா, ஹோகு என்றால் போ, கூத்கோ என்றால் உட்காரு, ஏளு என்றால் எழுந்திரு. இரண்டாம் பக்கத்தில் எண்கள். அங்கேயும் ஓர் ஏளு வந்தது. நம்முடைய ஏழுதான். இரண்டுக்கும் ஒரே சொல்லா என்று பக்கத்து லேத்துக்காரரைக் கேட்டேன். "அதெல்லாம் இடம் பாத்துப் புரிஞ்சிக்கணும் குரு" என்றார். குறித்துக்கொண்டேன்.

இரண்டு மூன்று வருஷத்தில் கடைக்காரரோடு பேரம் பேசும் அளவுக்கு என் கன்னடம் தேறிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து எங்கள் தொழிற்சாலைக்கு ஆள் கேட்டு வந்தார்கள். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நோய்நொடி இல்லாத இளைஞர்கள் எட்டுப் பேர், முப்பது நாள் படுத்திருக்க வேண்டும். நான் கையைத் தூக்கினேன். எங்கள் லேத்தில் கடைந்த வளையங்களில் சில ராக்கெட்டில் போகும் என்று சொல்வார்கள். நான் கடைந்ததில் எது மேலே போனது, எது குப்பைக்குப் போனது, யாருக்குத் தெரியும்? என் உடம்பாவது அந்த வேலைக்கு ஒரு கை கொடுக்கட்டுமே என்று ஆசைப்பட்டேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆசைதான்.

முதல் நாளே பெரிய டாக்டர் வந்து ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். அவர் வடக்கத்திக்காரர், பெங்களூருக்கு வந்து பல வருஷம் ஆனவர். சாரத்தை எங்களுக்குத் தமிழில் சொன்னது விவேக் நகரிலிருந்து வரும் ஸ்டெல்லா சிஸ்டர். "இங்க ஸ்டாஃப் யாரு எது சொன்னாலும் ஒடனே செய்யணும். ஏன், எதுக்குன்னு கேள்வி கேக்கக் கூடாது. புரிஞ்சுதா?" புரிந்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் போய்விட்டது. ஏழாம் நம்பர் கட்டில், ஆகவே நான் 'செவன்'. சிஸ்டர் ஒவ்வொரு நம்பராக ஆங்கிலத்தில் கூப்பிட்டு ரத்தம் எடுப்பார், நாங்கள் கையை நீட்டுவோம்.

எங்களைக் குளிப்பாட்டி, பெட்பேன் எடுத்து, முதுகு பிடித்துவிட்ட வார்டு அட்டெண்டருக்குப் பெயர் சித்தப்பா. ஆமாம், பெயரே அதுதான். கன்னடக்காரர்களிடம் சாதாரணமாக உள்ள பெயர். என் மனைவிக்குக் கடிதம் எழுதினேன். படுத்தபடி பால்பென்னை மேல்நோக்கிப் பிடித்தால் நாலு எழுத்தில் மை நின்றுவிடும், அதனால் பென்சிலில் எழுதினேன். சித்தப்பா என்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார், மலஜலம் எல்லாம் அவர்தான் எடுக்கிறார் என்று எழுதிவிட்டேன். ஊரில் ஒரே கலவரம். எந்தச் சித்தப்பா, வேலூர்ச் சித்தப்பாவா, அவரைப் போய் இந்த வேலை செய்ய வைத்தாயா என்று பதில் வந்தது. அதை அவருக்குக் கன்னடத்தில் விளக்கிச் சொன்னேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு என்னை மகனே என்றுதான் கூப்பிட்டார். கண்ணியமான ஆள், அவர்மேல் எனக்கு இன்றுவரை ஒரு சொட்டுக் கோபம் கிடையாது.

பதினைந்தாம் நாள் காலை ஸ்டெல்லா சிஸ்டர் லீவு, கோயிலில் ஏதோ வேண்டுதல். பெரிய டாக்டர் வாசலில் நின்றுகொண்டு, ஒரு கட்டிலின் டெம்பரேச்சர் சார்ட்டைக் காணவில்லை, எந்தக் கட்டில் என்று சித்தப்பாவை விரட்டியிருக்கிறார். நான் அரைத்தூக்கத்தில் இருந்தேன். சித்தப்பா என் கால்மாட்டுக்கு ஓடிவந்து நம்பரைப் பார்த்துவிட்டு, பதற்றத்தில் சத்தமாகக் கத்தினார்: "ஏளு! ஏளு!"

அவர் சொன்னது ஏழு. என் காதில் விழுந்தது எழுந்திரு. தீப்பிடித்துவிட்டதா, சோதனையை நிறுத்திவிட்டார்களா, எனக்கென்ன தெரியும்? ஸ்டாஃப் சொன்னால் உடனே செய்யணும், கேள்வி கேக்கக் கூடாது. எழுந்தேன். உட்கார்ந்து, காலைத் தரையில் வைத்து, முழுசாக நிமிர்ந்து நின்றேன். பதினான்கு நாள் தலைகீழாகக் கிடந்தவனுக்கு ரத்தம் முழுக்கக் காலுக்கு இறங்கியது, அறை சுற்றியது, அவ்வளவுதான். கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். மோவாய் கிழிந்து மூன்று தையல்.

பெரிய டாக்டர் கத்திய கத்தலில் 'நான்சென்ஸ்', 'டிசிப்ளின்' என்ற இரண்டு சொற்கள்தான் எனக்குப் புரிந்தன. சித்தப்பா கையைக் கூப்பிக்கொண்டு அவர் முன்னால் போனார். முதலில் தரையில் இருக்கிற ரத்தத்தைத் துடை என்று டாக்டர் சைகை காட்டி அவரை அனுப்பிவிட்டார். துடைத்துக்கொண்டே அவர் தமக்குத் தெரிந்த தமிழில் அழுதார்: "நான் நம்பர் சொல்லிது, நீ எந்திரிச்சி! ஐயோ தேவ்ரே, நந்தே தப்பு, என் தப்பு!" மறுநாள் வந்த ஸ்டெல்லா சிஸ்டருக்கு நான் சொன்னதும் விஷயம் விளங்கிவிட்டது. போய் டாக்டரிடமும் சொன்னார். அறிக்கை நேற்றே போய்விட்டது என்று பதில். அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ஏழாம் நபர், வேண்டுமென்றே விதியை மீறினார், ஒழுங்குக்குக் கட்டுப்படாதவர். கட்டுப்பட்டதால் விழுந்தவனுக்குக் கட்டுப்படாதவன் என்று பட்டம்! அதன் நகல் எங்கள் தொழிற்சாலைக்கு வந்து என் ஃபைலில் உட்கார்ந்துகொண்டது. இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இடம் காலியாகும் போதெல்லாம் என் பெயர் பேச்சில் வரும், மேனேஜர் ஃபைலைத் திறப்பார், மூடுவார். "என்ன பண்றது ஏகாம்பரம், ஃபைல்ல இப்படி இருக்கே" என்பார். ஆய்வுக்கூடத்துக்கு மூன்று தரம் நடந்தேன். வாசலைத் தாண்ட விடவில்லை. இந்த வருஷமும் இன்ஸ்பெக்ஷனில் ஓர் இடம் காலி. இதை விட்டால் எனக்கு வயது தாண்டிவிடும்.

இப்போது அந்த வெளிநாட்டுக்காரரின் பேச்சுக்கு வருகிறேன். நல்ல மனிதர், சும்மா சொல்லக் கூடாது. விண்கலத்திலிருந்து திரும்பி வந்த அன்று நிற்க முடியாமல் தன்னை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னார். எனக்கு மோவாயில் தழும்பு அரித்தது. நாற்பது வயதுக்கு மேல் ரஷ்ய மொழி படிக்க உட்கார்ந்ததைச் சொன்னார். கூடப் பயணம் செய்தவர்களின் மொழி தனக்கு அரைகுறை, தன் மொழி அவர்களுக்கு அரைகுறை. அதனால் அங்கே ஒரு கட்டாயமாம். யார் என்ன சொன்னாலும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரி என்று பதில் வந்த பிறகுதான் கையை வைக்க வேண்டும். அப்படியும் தப்பு நடந்துவிட்டால் முதல் கேள்வி, உன் காதில் என்ன விழுந்தது? யார் செய்தது என்பது அதற்குப் பிறகுதான். ரேவதி இதை என் காதில் தமிழில் சொன்னாள். உன் காதில் என்ன விழுந்தது! இந்த ஒரு கேள்வியை ஒரே ஓர் ஆள் அன்றைக்குக் கேட்டிருந்தால் போதுமே! விண்வெளிக்காகத்தானே படுத்தோம்? விண்வெளியில் உள்ள நியாயம் கட்டிலில் கிடந்தவனுக்குக் கிடையாதா?

நன்றி சொல்ல மேடை ஏறியவரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே பெரிய டாக்டர். தலை நரைத்திருந்தது, குரல் அதே குரல். மொழி என்று சொன்னதும் தனக்கு ஒரு பழைய வேடிக்கை ஞாபகம் வருகிறது என்றார். தங்கள் சோதனையில் ஒரு தமிழன் இருந்தானாம். பாவம், கன்னடம் ஓர் எழுத்தும் தெரியாதாம். அட்டெண்டர் அவன் நம்பரைச் சொன்னால், தன்னை என்னவோ சொல்கிறார்கள் என்று ராக்கெட் மாதிரி எழும்பிவிட்டானாம். அரங்கமே சிரித்தது. ரேவதியும் சிரித்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது. வேண்டுமென்றே இல்லை என்று தெரிந்தும் அறிக்கையில் அந்த வரியை அடிக்காமல், ஊர் ஊராக வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். அதையாவது ஒழுங்காகச் சொன்னாரா? கன்னடம் தெரியாத தமிழனாக இருந்திருந்தால் என் காதில் ஏழு என்றுதானே விழுந்திருக்கும்! கையை நீட்டிக்கொண்டு பேசாமல் படுத்திருப்பேன். நாற்பது பக்க நோட்டில் எழுதி எழுதிப் படித்ததால்தானே விழுந்தேன்?

கூட்டம் கலைந்ததும் ரேவதி கையைப் பிடித்து இழுத்ததையும் மீறி, காருக்குப் போய்க்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன். ஆத்திரத்தில் எனக்குத் தமிழ் வரவில்லை, ஆங்கிலம் வரவில்லை, கன்னடம்தான் வந்தது. "நனகெ கன்னட கொத்தித்தக்கே எத்தெ, சார்! கொத்தில்தே இத்தித்ரெ மலகே இர்த்தித்தெ!" கன்னடம் தெரிந்ததால்தான் எழுந்தேன், தெரியாமல் இருந்திருந்தால் படுத்தே இருந்திருப்பேன் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். தோளைத் தட்டினார். "ஸாரி, ஐ டோன்ட் நோ டமில்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ரேவதியை உட்கார வைத்து ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். அந்த வரியை அடிக்க வேண்டும், அடித்ததாக எங்கள் தொழிற்சாலைக்கு எழுத வேண்டும், இவ்வளவுதான் விஷயம். இங்கிலீஷில் எழுதலாமே என்றாள். கூடாது, கன்னடத்தில்தான் எழுத வேண்டும் என்றேன். படித்துச் சொல்ல அவர்கள் ஒரு கன்னடக்காரரைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? ஏளு என்றால் என்னவென்று அவராவது பெரிய டாக்டருக்குச் சொல்லட்டும். நான் வாயால் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பேருந்துப் பலகை அளவுக்குத்தான் எனக்கு அந்த எழுத்து படிக்க வரும். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது, இரண்டு இடத்தில் அவள் இலக்கணத்தை நானே திருத்தினேன். எழுதி முடித்துப் பேனாவை என்னிடம் கொடுத்தாள். நான் வழக்கம்போல ஏகாம்பரம் என்று தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

ரேவதி தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, மேல இவ்ளோ கன்னடம் எழுதிட்டுக் கீழ தமிழ்ல கையெழுத்துப் போட்டா, உங்களுக்குக் கன்னடம் தெரியும்னு யாருப்பா நம்புவாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வேறு எழுத்தில் என் பெயரை எழுத என் கைக்குத் தெரியாது. அதை அடித்துவிட்டு அவளை விட்டே எழுதச் சொல்லலாம், அதற்கு மனசு வரவில்லை. அப்படியே மடித்து உறைக்குள் போட்டு ஒட்டினேன்.